திறக்காத சூளையில் விற்ற விளக்கு

அன்று காலை அஸ்கர் அலி வாங்கிய டீயைக் கூடக் குடிக்கவில்லை. விருத்தாசலம் பாலக்கரையில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருப்பவன் அவன். செல்போன் அலறும்போதெல்லாம், விளக்குக்குப் பணம் கட்டிய திருச்சி கனகாவோ என்று பதறிப் பார்த்தான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

விஷயம் இதுதான். அதே ஊரில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் காஸ்பரின் விளக்குகளைப் படம் பிடித்து, தன் சொந்தச் சரக்கு போல இணையத்தில் போடுவான் அஸ்கர். பணம் வந்த பிறகுதான் காஸ்பரிடம் வாங்கி அனுப்புவான். கையில் இல்லாத பொருளை விற்கக் கூடாது என்று இஸ்லாமிய மார்க்கம் சொல்வது அவனுக்குத் தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டிருக்கலாம்; கூடாது என்று சொல்லித் தொலைப்பாரே என்றுதான் கேட்கவில்லை! மகள் கல்யாணத் தாம்பூலத்துக்கு விளக்கு கேட்ட கனகாவிடமும், "சரக்கு ரெடியா இருக்குதும்மா" என்று கூசாமல் சொல்லிப் பணம் வாங்கிவிட்டான். கல்யாணம் நாளை மறுநாள்.

இருப்புக் கொள்ளாமல் பைக்கில் பட்டறைக்கு ஓடினான். சூளை வாசலில் விரிசல் விட்ட விளக்குகள் குவிந்து கிடந்தன.

"சூடு ஏறிப்போச்சு, எல்லாம் வீணு," என்றார் காஸ்பர். "சூளையத் தொறக்கற வரைக்கும் நானே வெல பேச மாட்டேன். நீ எந்த தைரியத்துல வித்த?"

போன் அலறியது. கனகாதான். லாரி பழுது என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. கல்யாண வீட்டை நினைத்ததும் அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னான். பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னான்.

"பீங்கான் ஒடையறது சகஜம் தம்பி. உங்ககிட்ட இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேற எடத்துல வாங்கியிருப்பேன். இப்பப் பணத்தை வச்சுக்கிட்டு, வர்றவங்களுக்கு எதக் குடுப்பேன்?" இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அஸ்கருக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

"காஸ்பரண்ணே, இனிமே நான் வாங்கி என் கைக்கு வந்த சாமானத்தான் விப்பேன். இல்லன்னா, பொருளு உங்களுது, நான் கமிஷன் ஏஜெண்டுன்னு மொதல்லயே சொல்லிடுவேன். அதுக்கு மார்க்கத்துல வழி இருக்குது. கையில இல்லாதத இருக்குதுன்னு சொல்லி விக்கறது, அடுத்தவங்க வூட்டு நல்ல நாளைக் கெடுக்கற பாவம்ண்ணே."

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"மத்த பட்டறைங்கள்ல கெடைக்கற வௌக்க வாங்கி, நானே பஸ்ஸுல திருச்சிக்குக் கொண்டு போறேன்."

"அப்பறம் என்ன, அந்தம்மாவுக்குப் போனப் போட்டு, வௌக்கு வருதுன்னு சொல்லிடு."

அஸ்கர் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "மொதல்ல வௌக்கு என் கைக்கு வரட்டும்ண்ணே. அப்பறம் சொல்றேன்."