காற்று அளந்த மேடு

ரத்தோட்டைக்கு மேலே, தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் மேட்டில் காற்று அளக்கும் கம்பத்தை நட்டிருந்தார்கள். அதை இழுத்துக் கட்டிய கம்பிகளைச் சுற்றிப் படர்ந்த புல்லைப் பழனிமுத்து வெட்டிக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி கமலாட்சி சோற்றோடு ஏறிவந்தாள். கம்பத்தின் உச்சியில் சிறு கிண்ணங்கள் ஓயாமல் சுழன்றன.

காற்று போதுமென்றால் இங்கே பெரிய காற்றாடிகள் வரும் என்று கொழும்பு எஞ்சினியர் சொல்லியிருந்தார். அதுவரை கம்பத்துக்குக் காவல் பழனிமுத்து.

"காத்துல கரண்ட் எடுப்பாங்களாம் புள்ள. அந்தக் கரண்ட வச்சித் தண்ணியப் பிரிச்சா ஒரு வாயு வருமாம். அதுல லொறி ஓட்டலாமாம், அடுப்பு எரிக்கலாமாம். பொகையே வராதாம்."

அடுப்பில் தேயிலை மிளாறுக் குச்சிகளை எரித்துச் சிவந்த கண்களைக் கமலாட்சி துடைத்துக்கொண்டாள். "நம்ம லயத்துக்கும் குடுப்பாங்களா?"

"நம்ம மேட்டுக் காத்துதானே. குடுக்காமலா?"

அன்றுமுதல் கொழுந்து பறிக்கையில் தலைத்துணியைக் காற்று இழுத்தாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. லயத்து வரிசை வீடுகளில், புகை படியாமல், வெள்ளையடித்தால் வெள்ளையாகவே இருக்கும் ஒரு காம்பரா மனதுக்குள் வந்து நின்றது.

யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். ஒரு காலை ஆமி ஜீப் மேட்டில் ஏறியது. மேட்டில் உட்கார்ந்து யாருக்குத் தகவல் அனுப்புகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பழனிமுத்து கிண்ணங்களைக் காட்டி விளக்கினான். அவர்கள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் வடக்கே, வவுனியா. எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தபோது ஓடிப்போன தாய் அவனை அங்கேதான் பெற்றாள். கமலாட்சி கூடையோடு ஓடிவருவதற்குள் அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் வளைவைத் தாண்டிவிட்டது.

பொலிஸில் ஆமி கேம்புக்குப் போகச் சொன்னார்கள். கேம்பில் பொலிஸுக்குப் போகச் சொன்னார்கள். எஞ்சினியர் வந்ததும் அவரிடம் போனாள்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க. ஒங்க வேலைக்குத்தானே இங்க ஒக்காந்திருந்தாரு."

அவர் காற்றின் கணக்குப் பதியும் கம்பத்தடிப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது பாதுகாப்பு விஷயம். கம்பெனி தலையிட ஏலாது." பெட்டியை மூடினார். "காத்து ரொம்ப நல்லா இருக்கு. காவல் வேலைய நீங்க பாக்குறீங்களா?"

மேட்டிலிருந்து பாதை முழுவதும் தெரியும். அதனால் சம்மதித்தாள்.

ஜீப், லொறி, பஸ் எது வந்தாலும் எழுந்து நிற்பாள். அது கடந்து போனபின் உட்காருவாள். மழைக்காலம் வந்து போயிற்று.

ஒரு நாள் வேனொன்று வளைவில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்து ஒருவன் குனிந்து இறங்கினான். பழனிமுத்துவின் உயரம், அதே மெலிந்த முதுகு. கமலாட்சி தேயிலைக்குள் விழுந்தடித்து இறங்கி ஓடினாள்.

அவன் நிமிர்ந்து திரும்பினான். யாரோ. கையில் அளவு நாடா.

"காத்தாடி ஏத்துற பெரிய லொறி இந்த வளைவுல திரும்புமான்னு பாக்கணும். இந்த நுனிய கொஞ்சம் புடிங்கக்கா."

கமலாட்சி மூச்சிரைக்கப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் பின்னுக்கு."

திறந்திருந்த வேனுக்குள் பார்த்தபடியே அவள் பின்னுக்குப் போனாள்.