முப்பத்திரண்டு பேருக்கு இடம்

ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஜெயந்த் முப்பது வரை எண்ணினான். அவன் காலடியில், ஐஸ் பாளங்களின் மேல் போட்ட பலகையில், அப்பா அழகர்சாமி தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணுவது அவனுக்கே நன்றாகப் படவில்லை போலிருக்கிறது. இருபதுக்கு மேல் வாய்க்குள்ளேயே எண்ணினான்.

"இப்பப் பாருக்கா," என்று பிளக்கைச் செருகினான்.

மீனாக்ஷி போனைப் பார்த்தாள். மூலையில் வைஃபை குறி வந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். அம்மாவின் நெற்றியும் ஆஸ்பத்திரித் தலையணையும் ஒரு கணம் தெரிந்தன. "மீனா" என்று பாதிக் குரல் கேட்டது. அப்புறம் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. குறி போய்விட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்கு வண்டி வந்துவிடும்.

அம்மா சந்திரம்மாள் மூன்று நாளைக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். நேற்றுதான் ஆபரேஷன் முடிந்தது. ராத்திரி துணைக்கு மீனாக்ஷி ஆஸ்பத்திரியில் தங்கினாள். காலையில் பால் கொண்டுவந்தவர் பால்கனிக் கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தார். எழுபத்தெட்டு வயது, நோய் நொடி என்று எதுவும் இல்லை, யாருக்கும் ஒரு சிரமம் வைக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். தான் அங்கே இல்லாதபோது போனார் என்பதுதான் மீனாக்ஷிக்கு ஆறவில்லை.

அம்மாவை அசைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேதியைச் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூஞ்சியப் பாக்கணும்த்தா. வாய்க்கரிசி போடும்போது நான் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கப்புறம் தூக்குங்க."

ஐம்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் கேட்டது அவ்வளவுதான். அதைக் கொடுக்க இந்த வீட்டுப் போனுக்கு வக்கில்லை.

கிட்வாய் நகரின் அந்தப் பகுதியில் மொபைல் சிக்னலை நம்பிப் பிரயோஜனமில்லை. குரல் வரும், முகம் வராது. வைஃபை ஒன்றுதான் கதி. ஜெயந்த் குருகிராமில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். குளித்த ஈர வேட்டியோடு தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்து பார்த்தான். போனை அணைத்துப் போட்டான். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி பாஸ்வேர்டு போட்டான். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டை நிறுத்தினான். போனின் உறையைக் கழற்றினான். ரூட்டரை டி.வி. மேசையிலிருந்து எடுத்துச் செருப்பு அலமாரி மேல் வைத்தான். தன் போனிலும் முயன்றான், அதுவும் அப்படியே செத்தது. ஒவ்வொரு முறையும் குறி வந்தது, அம்மாவின் நெற்றி வந்தது, இரண்டும் போயின.

"சாலா டப்பா," என்றான். அப்பா காதில் விழுந்துவிடும் என்பதுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

இதற்கிடையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மீனாக்ஷி பத்துப் பேரை எதிர்பார்த்திருந்தாள். அப்பாவின் பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் பாதிப் பேர் ரிடையராகித் தெற்கே போய்விட்டார்கள், பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மினிஸ்ட்ரியில் முப்பத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு, மகளுக்கு அரசாங்கம் ஒதுக்கிய இந்தத் தரைத்தள வீட்டின் பால்கனியில் நாளெல்லாம் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர். ஏழு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, "இன்னைக்கு என்னப்பா பண்ணுனீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருந்தேன்," என்பார். அந்தச் 'சும்மா'வை நினைத்து அவள் பல நாள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறாள். ஊர் விட்டு ஊர் வந்த கிழவரை நாலு சுவருக்குள் அடைத்துவிட்டோம் என்று.

இப்போது வருகிறவர்கள் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாம் கேட் காவலாளிகள் மூன்று பேர். சமையல் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக. கார் டிரைவர்கள். ஒரு தண்ணீர் கேன்காரர். வந்தவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடவில்லை. வெளியே பூங்காப் புல்லில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மீனாக்ஷி போனில் காலையிலிருந்து வைஃபையில் பேசிய அழைப்புகளின் பட்டியலைத் திறந்தாள். பதினெட்டு வருஷம் கோப்பு பார்த்தவளுக்குத் தேதியும் நேரமும்தான் முதலில் கண்ணில் படும். எட்டு மணிக்கு நாலு நிமிஷம் தடையில்லாமல் பேசியிருக்கிறாள். பத்துக்கு ஒரு நிமிஷம். பதினொன்றரைக்குப் பத்து விநாடி.

"ஜெயந்த், இங்க பாரு. ஆள் சேரச் சேரக் கொறைஞ்சுக்கிட்டே வருதுடா."

"ஆளுக்கும் இதுக்கும் என்னக்கா..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். லேப்டாப்பை எடுத்து ரூட்டரில் வயரை மாட்டி என்னவோ ஒரு பக்கத்தைத் திறந்தான். திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அதில் ஒரு நீளமான பட்டியல். மேலே, முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு என்று இருந்தது. குட்டி, பபிதா போன், கேட் நம்பர் டூ, ராம்கிஷன், சோனு டிரைவர்... அவர்கள் வீட்டுப் போன் அதில் இல்லவே இல்லை.

"இந்த டப்பா ஒரே நேரத்துல முப்பத்திரண்டு பேரைத்தான் தாங்கும்," என்றான் ஜெயந்த். "அதுக்கு மேல ஒருத்தர் வந்தா, இருக்கிற யாரையாவது தள்ளிவிட்டுட்டு அவங்களை எடுத்துக்குது. நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணப்பல்லாம் நாமளே எந்திரிச்சு நின்னு சீட்டைக் குடுத்திருக்கோம், பஸ்ல மாதிரி." அவளை நிமிர்ந்து பார்த்தான். "யாருக்கா இவங்க எல்லாம்? நீ பாஸ்வேர்டு குடுத்தியா?"

"நானா? ஆபீஸ் லேப்டாப் இருக்குன்னு அப்பாகிட்டயே நூறு வாட்டி சொல்லியிருக்கேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னு."

வாசல் நிலைப்படியில் உட்கார்ந்திருந்த ராம்கிஷன் தலையைத் தூக்கினார். எதிர்மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர். தமிழ் தெரியாது. பாஸ்வேர்டு என்ற வார்த்தை போதுமாக இருந்தது.

"நஹி பீபிஜி," என்றார் பதறி. "பாபுஜி யாருக்கும் சொன்னதே இல்லை. மகள் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்னு சொல்வார்." இந்தியில் வேகமாகப் பேசினார். "போனைக் கையில வாங்கி, அந்தப் பக்கம் திரும்பி, அவரே அடிச்சுக் கொடுத்துடுவார். என் மக குட்டி ரெண்டு வருஷமா இந்த பால்கனிக்கு வெளியில உட்கார்ந்துதான் படிச்சா. அவளுக்குக்கூட அந்த எழுத்தெல்லாம் என்னன்னு தெரியாது. சத்தியமா."

மீனாக்ஷிக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்தினாள், பொத்திய கை நனைந்தது. எவ்வளவு பெரிய கிளார்க்! உத்தரவில் சொல்லக் கூடாது என்றுதானே இருக்கிறது, அடிக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? விதியை மீறாமல் ஊருக்கே வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறார். இதுதான் அந்தச் 'சும்மா'. அவள் மனதில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த தனிமைக் கிழவர் ஒருவர் இருந்தாரே, அவரை இந்த மனிதர்கள் யாருக்குமே தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ரெண்டு நிமிஷம் குடுக்கா," என்றான் ஜெயந்த். "பாஸ்வேர்டை மாத்திடறேன். எல்லாரும் வெளிய போயிடுவாங்க. நம்ம போன் மட்டும் நிக்கும். மணி ஒண்ணு நாற்பது ஆச்சு, ஜல்தி சொல்லு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அவளுக்கு மனசு வரவில்லை.

"வேணாம்டா. அவரு உக்கார வச்சவங்களை இன்னைக்கு நாம எந்திரிக்கச் சொல்லக் கூடாது. கேப்போம்."

"கேட்டா யாருக்காவது புரியுமா? டைம் இல்லக்கா."

அவள் வெளியே போனாள். பூங்காவில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். அரசாங்கக் கூட்டங்களில் குறிப்பெடுத்துப் பழகியவளே தவிர, நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகியவள் இல்லை. இந்தியில் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அசைய முடியாது. கடைசியாக ஒருமுறை போனில் அவரைப் பார்க்க வேண்டும். லைனில் இடமில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் வைஃபையை அணைத்து வைக்க முடியுமா?

யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சட்டைப் பைகளிலிருந்தும் புடவை முடிச்சுகளிலிருந்தும் போன்கள் வெளியே வந்தன. கண் சரியாகத் தெரியாத காவலாளி தன் போனைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டினார், அவள் அணைத்துக் கொடுத்தாள். காருக்குள் சார்ஜில் போட்டிருந்த போனை எடுக்க ஒரு டிரைவர் ஓடினார்.

"முப்பது," என்று உள்ளேயிருந்து ஜெயந்த் கத்தினான். "இருபத்திரண்டு... பதினாலு... அக்கா, ஒம்பது!"

அம்மாவின் முகம் வந்தது. நெற்றி மட்டுமில்லை, முழு முகமும். நர்ஸ் படுக்கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தாள். முகம் வந்தது, நின்றது.

மீனாக்ஷி போனை அப்பாவின் பக்கம் திருப்பினாள். அம்மா அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"வேட்டி புதுசா?" என்றாள் பிறகு.

"ஆமாம்மா."

"கண்ணாடியக் கழட்டிட்டீங்களா. கழட்டுனா அவருக்கு மொகமே தெரியாதே." சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி. போடுங்க."

ஜெயந்த் போட்டான். அப்புறம் மீனாக்ஷி இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தன் பங்கைப் போட்டாள். "இது உன் பங்கும்மா," என்று சொல்லி இன்னொரு பிடி எடுத்தாள். அங்கே அம்மாவின் கை, மருந்து ஏறும் ஊசியோடு, வெறும் விரல்களைக் குவித்துக்கொண்டு திரையை நோக்கி வந்தது. இரண்டு கைகளும் சேர்ந்தே போட்டன. மூன்று முறை.

வண்டி வந்துவிட்டது என்று கேட்டிலிருந்து ஆள் வந்தது. பூங்காவைத் தாண்டி அது வர வழியில்லை, தோள் கொடுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஜெயந்த் முன்னால் பிடித்தான். மற்ற இடங்களுக்குச் சொல்லாமலே ஆட்கள் வந்து நின்றார்கள்.

"கட் பண்ணிறாத்தா," என்றாள் அம்மா. "போறவரைக்கும் பாத்துக்கிறேன்."

மீனாக்ஷி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். பால்கனியைத் தாண்டினார்கள். சிமெண்டு பெஞ்சைத் தாண்டினார்கள். நாவல் மரத்தடிக்கு வந்ததும், பின்னால் தோள் கொடுத்திருந்த ராம்கிஷன் நின்றுவிட்டார். அவர் நின்றதும் காவலாளிகள் நின்றார்கள். ஒன்றும் புரியாமல் ஜெயந்தும் நின்றான்.

"ஏன், என்ன ஆச்சு?" என்று மீனாக்ஷி கேட்டாள்.

"பாபுஜி வீட்டு லைன் இதுவரைக்கும்தான் வரும், பீபிஜி," என்றார் ராம்கிஷன். "இதுக்கு மேல ஒரு அடி வச்சாலும் போயிடும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

வண்டிக்காரர் கேட்டில் ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை. பாரத்தைத் தோள் மாற்றிக்கொண்டு அந்த மரத்தடியிலேயே நின்றார்கள். அம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள், போதும் போதும் என்கிறவரை பார்த்தாள்.

"சரித்தா," என்றாள். "வெயிலா இருக்கு, எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மீனாக்ஷி தலையாட்டினாள். ராம்கிஷன் ஒரு அடி எடுத்து வைத்தார்.