தெற்கு வாசலில் வண்டி

வலப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிய பிறகும் அர்மான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வீட்டுவண்டி இன்னும் ஒரு முழம் கோட்டை வாசலுக்குள் நுழைந்தது. கூரைமேல் ஏதோ நறநறத்தது. அதோடு சரி. பின்னால் எடுத்தார், வரவில்லை. முன்னால் விட்டார், போகவில்லை.

"எறங்கிப் பாத்துட்டு விட்டிருக்கலாம்ல?" என்றாள் ஓடில்.

"இப்ப எறங்கு, பாக்கலாம்."

அவள் தன் பக்கத்துக் கதவைத் தள்ளினாள். இரண்டு விரல்கடை திறந்து கல்லில் முட்டியது. அவர் பக்கமும் அப்படித்தான். பின்னால் படுக்கைப் பகுதிக்கான கதவும் அவள் பக்கச் சுவரோடு ஒட்டியிருந்தது.

"அகலம் எவ்வளவுன்னு வாசல்லயே எழுதி வச்சிருந்தான். நான் படிச்சும் காட்டினேன்."

"லியோன்ல முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு நீ வழி சொல்றியா?"

"பஸ்ஸு இந்தச் சந்துக்குள்ள வராது அர்மான். உன் வீம்பு மட்டுந்தான் வரும்."

பின்னால் ஆரன்கள் அலறின. அன்று ஊருக்குள் சந்தை. வடக்கு வாசலை அடைத்துவிட்டார்கள். கார்களுக்கு இது ஒன்றுதான் வழி. எதிரே, நிழலும் வெயிலும் சேரும் இடத்தில், ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி மாவு படிந்த கைகளை இடுப்பில் ஊன்றி வேடிக்கை பார்த்தாள்.

அர்மானுக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"கொஞ்சம் சும்மா இரு ஓடில்."

சும்மா இருந்தாள். வீட்டிலென்றால் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் ஓய்வு பெற்று இந்த வீட்டுவண்டியை வாங்கியதிலிருந்து அது முடியாமல் போயிற்று. கோபித்துக்கொண்டு போய் உட்கார இந்த வண்டியில் இன்னொரு அறை கிடையாது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சாண் தள்ளிக் கல். இடுக்கில் பாசி. எறும்புகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. இந்தத் தடவை தானாக முதலில் பேசுவதில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொட்டிக்கடைக்காரி கை காட்டினாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து ஓடில் மறுபடியும் கல்லையே பார்த்தாள். அப்புறம் முன்கண்ணாடியில் படபடவென்று அடிக்கும் சத்தம்.

"மதாம்! அவரப் பாருங்க! அவரப் பாருங்க மதாம்!"

அர்மானின் தலை ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது. ஒரு கை இன்னும் ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டிருந்தது.

"நடிக்காத," என்றாள் ஓடில். பிறகு, "அர்மான்," என்றாள்.

அவர் இருக்கையின் பிடியை அவள் இழுத்ததும் சாய்மானம் பின்னால் விழுந்தது. அவரும் விழுந்தார். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ்காரர்கள் அதில் சொல்லச் சொல்லக் கத்தினாள்: "நெஞ்சுல ரெண்டு கையும் வச்சு அமுக்குங்க! நிறுத்தாதீங்க! பலமா!" நிமிர இடமில்லாமல், கூரையில் தலை இடிக்க இடிக்க ஓடில் அமுக்கினாள். கை ஓய்ந்தது. அமுக்கினாள்.

தீயணைப்புக்காரர்கள் பின்பக்க ஜன்னலை உடைத்துப் படுக்கையின் வழியாக ஊர்ந்து வந்தார்கள். அவளை நகர்த்திவிட்டு அவர்கள் தொடர்ந்தார்கள். வெகுநேரம் தொடர்ந்தார்கள். கடைசியாக வந்த இளம் டாக்டர் முழங்காலிட்டபடியே, "போதும்," என்றான். அவளிடம் திரும்பினான்.

"கடைசியா எப்ப பேசினாரு மதாம்?"

"சும்மா இருன்னாரு," என்றாள். "இருந்தேன்."

அவன் நேரத்தைக் குறித்துக்கொண்டான்.

ஜன்னல் வழியாக இரண்டு பேர் அவளைக் குழந்தையைப் போல இறக்கினார்கள். அர்மானை அப்படி இறக்க முடியாது என்றார்கள். அவரைப் படுக்கையில் கிடத்தி, முகம்வரை போர்த்தினார்கள். நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கியதும் வண்டி ஒரு பெருமூச்சோடு தாழ்ந்தது. சங்கிலி கட்டி இழுத்தார்கள். ஸ்டியரிங்கில் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் அவளை ஒருநாளும் உட்காரவிட்டதில்லை அவர். வண்டி கல்லைச் சுரண்டிக்கொண்டு வெளியே வந்து, பிளாத்தான் மரத்தடியில் நின்றது.

திறந்த வாசல் வழியே முதலில் வந்தவள் ரொட்டிக்கடைக்காரி. கையில் ஒரு நாற்காலி.

"ஒக்காருங்க மதாம். அவரக் கொண்டுபோற வண்டி வர நேரமாகும்."

ஓடில் வாசலோரம் உட்கார்ந்தாள். காத்துக்கிடந்த கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே போகத் தொடங்கின. என்ன நடந்ததென்று பின்வரிசையில் யாருக்கும் தெரியாது. வழிவிட யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் ஆள் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனான். அடுத்தவனும் உயர்த்தினான்.

அவளும் பதிலுக்குக் கையை உயர்த்தினாள். ஒவ்வொரு காருக்கும்.