மஞ்சள் கோப்பு

புத்தகத்தை ஆசிரியர் அறை மேஜையில் பார்த்ததும் இவளுக்குக் கோபம் வரவில்லை. வியர்த்தது. 'ஆங்கில வகுப்புக்கு நாற்பது ஜோடிப் பயிற்சிகள்' என்றது அட்டை. கீழே துறைத் தலைவியின் பெயர். உள்ளே இருந்த நாற்பதும் இவளுடையவை. ஊர் வரைபடத்தில் பேனா வழுக்கிய கோடுகூட அப்படியே அச்சாகியிருந்தது.

நான்கு மாதங்களுக்கு முன் தலைவி, "சும்மா பாத்துட்டுத் தரேம்மா" என்று நீலக் கோப்பை வாங்கிப் போனாள். மறுநாளே திருப்பித் தந்துவிட்டாள். ஒன்பது வருடமாக எந்தப் பயிற்சி முகாம் வந்தாலும் போகிறவள் தலைவி. அந்த நாட்களில் அவள் வகுப்புகளையும் சேர்த்து மேய்க்கிறவள் இவள். இப்போது பயிற்சி மையத்தில் பயிற்றுநர் பதவி ஒன்று காலி. இவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் தலைவியின் இழுப்பறையைத் தாண்டவில்லை.

"புகார் எழுதுக்கா. நான் டைப் பண்ணித் தரேன்" என்றாள் தங்கை, அன்று மாலை.

"விசாரணைன்னு இழுத்தடிப்பாங்க. கடைசில நான்தான் அவங்களைப் பாத்துக் காப்பியடிச்சேன்னு முடிச்சிடுவாங்க."

"அப்ப வாயைப் பொத்திக்கிட்டு இருக்கப் போறியா?"

இவள் புத்தகத்தைப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பிறகு சிரித்தாள்.

"என்னக்கா, கழண்டுடுச்சா?"

"இதுல மஞ்சள் கோப்பு இல்லடி."

ஒவ்வொரு பயிற்சிக்கும் இரண்டு தாள்கள். ஒரு வரைபடத்தில் மருத்துவமனை இருக்கும், தபால் நிலையம் இருக்காது. இன்னொன்றில் தபால் நிலையம் இருக்கும், மருத்துவமனை இருக்காது. ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். தாள்கள் கலந்துவிடக் கூடாதென்று ஒன்றை நீலக் கோப்பிலும் மற்றதை மஞ்சளிலும் வைத்திருந்தாள். வகுப்பில் ஒரே ஒரு தடவை நடத்திப் பார்த்திருந்தால் தலைவிக்குத் தெரிந்திருக்கும்.

"பாவம், சொல்லிடப் போறியா?"

"நானா?"

வெள்ளிக்கிழமை தலைவி இந்தப் புத்தகத்தை வைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தவிருந்தாள். சொல்ல மூன்று நாள் இருந்தது. தினமும் தலைவி எதிரில் வந்தாள். "வெள்ளிக்கிழமை முன் வரிசையில உக்காரும்மா. நாலு விஷயம் கத்துக்கலாம்."

"கண்டிப்பா மேடம்."

வெள்ளிக்கிழமை கூடத்தில் நாற்பது ஆசிரியர்கள். பின்னால், பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கப்போகும் மைய இயக்குநர். தலைவி தாள்களைக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். "ஜோடியா உக்காருங்க. பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டு வரைபடத்தை நிரப்புங்க. இங்கிலீஷ்ல மட்டும்!"

இரண்டு நிமிடத்தில் கூடம் அடங்கிப்போனது. இவள் பக்கத்திலிருந்த நெட்டை ஆசிரியர் எழுந்தார்.

"மேடம், என் தாளும் இவங்க தாளும் ஒண்ணுதான். போஸ்ட் ஆபீஸ் எங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது."

"போஸ்ட்மேனைக் கூப்பிடுங்கப்பா!" என்றது ஒரு குரல். சிரிப்பு பரவியது.

"கற்பனை பண்ணி நிரப்புங்களேன்."

"அதுக்கு ஜோடி எதுக்கு மேடம்?"

தலைவி அடுத்த பயிற்சிக்குத் தாவினாள். ரயில் நேர அட்டவணை. அதிலும் அதே கதி. இயக்குநர் எழுந்து முன்னால் வந்தார்.

"இதை உங்க வகுப்புல எப்படி நடத்தினீங்க?"

தலைவியின் கண்கள் முன் வரிசைக்கு வந்தன. காப்பாற்று என்றன. ஒன்பது வருடத்தில் அந்த முகம் இவளிடம் எதையும் கெஞ்சியதில்லை. இவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். நிதானமாக இரண்டு வாய் குடித்தாள். மூடியைத் திருகி மூடினாள். அதன்பிறகு எழுந்தாள்.

"சார், நான் நடத்திக் காட்டட்டுமா?"

பையிலிருந்து மஞ்சள் கோப்பு வந்தது. இருபது பிரதிகள் எடுத்து வைத்திருந்தாள். ஜோடிக்கு ஒரு தாளை வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் தாளைக் கொடுத்தாள். கூடம் சந்தை மாதிரி இரைந்தது. நெட்டை ஆசிரியர் தபால் நிலையத்தைக் கண்டுபிடித்துக் கையை உயர்த்தினார்.

"மீதிப் பாதி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்றார் இயக்குநர்.

"மேடத்தைக் கேளுங்க சார். புத்தகம் அவங்களோடதுதானே."

அவர் தலைவியைப் பார்த்தார். தலைவி மைக்கின் வயரைப் பார்த்தாள். "நீங்க விண்ணப்பம் போடலையா?" என்றார் இவளிடம்.

"போட்டேன் சார். அதையும் மேடத்தைத்தான் கேக்கணும்."

"இன்னொண்ணு எழுதி நேரா என்கிட்டயே குடுங்க. இன்னைக்கே."

இடைவேளையில் தலைவி அருகில் வந்தாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன் மேடம்."

தலைவி குனிந்து சிதறிக் கிடந்த தாள்களைப் பொறுக்கத் தொடங்கினாள். இவள் உதவவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.