சாமிக்கென்று போட்ட பிடி

சுகப்பிரியாவின் அறையில் எப்போது சோறு பொங்கினாலும் முதல் பிடி ஆண்டவருக்கு. அரிசியைக் களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து, மூலையில் இருக்கும் ட்ரம்மில் போட்டுவிட வேண்டும். சாத்தான்குளத்துப் பக்கம் அவள் அம்மா இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாள். அவள் வேலை பார்க்கும் ஒரகடத்தில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய வரும் சபையிலும் அதே வழக்கம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று எல்லா வீட்டு, எல்லா அறைப் பிடி அரிசியும் ஆலயத்துக்கு வந்து சேரும். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்பதை மைக்கில் வாசிப்பார்கள். ஆண்டவருக்குக் கொடுத்ததை ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை. வாசிக்காமல் விட்டால்தான் கேட்பார்கள்.

ட்ரம்முக்குப் பொறுப்பு சுகப்பிரியா. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் அவள் வேலை, பழுது கண்டுபிடித்து ஒதுக்குவது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. அறையில் அவளோடு இருந்த வேல்விழியும் மாடத்தியும் பிடி போட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். இத்தனைக்கும் மாடத்தி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், அம்மனைக் கும்பிடுகிறவள். அவள் எதற்குப் போட வேண்டும் என்று வேல்விழி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எந்தச் சாமியா இருந்தா என்னக்கா, பசிக்கும்லா?" என்றாள் மாடத்தி. அவள் பிடிதான் மூன்று பேரிலும் பெரிய பிடி.

பண்டிகை நெருங்கிய சமயத்தில் அதே கம்பெனியில் மாடத்தி வேலை பார்த்த லைனை நிறுத்தினார்கள். ஒப்பந்த வேலைப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரேக். பிரேக் என்றால் கூப்பிடும்வரை வராதே என்று அர்த்தம். சம்பளம் மட்டுமல்ல, கேண்டீன் சாப்பாடும் அதோடு போயிற்று. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு காலை, சுகப்பிரியா ஷிப்டுக்குப் புறப்படும்போது பின்னாலேயே வந்து நின்றாள்.

"யக்கா, எங்கிட்ட அரிசி தீந்து போச்சு. ட்ரம்முல இருந்து கொஞ்சம் எடுத்துக்கிடட்டா? வேலை கெடச்சதும் வாங்கிப் போட்டுருதேன்."

சுகப்பிரியாவின் கண் ட்ரம்முக்குப் போனது. கழுத்துவரை நிறைந்திருந்தது. போன வருஷம் அவர்கள் அறையின் பெயரைக் கடைசியில்தான் வாசித்தார்கள்.

"அது ஆண்டவருக்கு நேமிச்சதுல்லாட்டி. எனக்குச் சொந்தம்னா தந்துர மாட்டேனா? அவருக்குன்னு போட்டதத் திருப்பி எடுக்கக் கூடாது. சாயந்தரம் வரும்போது கடையில வாங்கிட்டு வாரேன்."

"ஐயோ, ஆமாக்கா. சாமி சொத்துல கை வைக்கலாமா? புத்தியில்லாம கேட்டுட்டேன்" என்று மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுகப்பிரியாவின் அரிசியும்தான் தீர்ந்திருந்தது. ஆனால் அவளுக்குக் கேண்டீன் இருந்தது. அன்று மத்தியானம் முட்டை வேறு போட்டார்கள். சாயங்காலம் ஓ.டி. பார்க்கச் சொன்னார்கள். களைத்து வந்தவள் அப்படியே படுத்துவிட்டாள். அரிசி வாங்குவதாகச் சொன்னது சுத்தமாக மறந்துபோயிற்று. மறுநாள் சாயங்காலம் பஸ்ஸில்தான் அந்த நினைப்பு வந்து சுருக்கென்றது. ஓடிப்போய்க் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு வந்தாள். மாடத்தியின் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது.

"சேரப்பணஞ்சேரில ஏதோ மெஸ்ஸுல வேலையாம், சாப்பாடு போட்டுருவாகளாம், போயிட்டா" என்றாள் வேல்விழி. "நேத்துலேருந்து வெறும் தண்ணிதான் குடிச்சா. கேட்டதுக்கு விரதம்னா. நான் நைட் ஷிப்ட் பாத்த தூக்கத்துல நம்பிட்டேன்."

சுகப்பிரியா வாங்கி வந்த அரிசியை மூலையில் வைத்தாள். ட்ரம் சமாச்சாரத்தை வேல்விழியிடம் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஜெபிக்க முழங்காலில் நின்றபோது மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. உம்முடையதை உமக்காகக் காத்தேன் ஆண்டவரே என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். கடவுள் வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் சிலருக்கு இந்த வியாதி வந்துவிடுகிறது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் அவர் சார்பில் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். சாட்சி சொல்லி முடித்த பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பண்டிகையன்று அவர்கள் அறையின் பெயரைத்தான் முதலில் வாசித்தார்கள். சபையே கை தட்டியது. அதற்காகத்தானே இத்தனை பாடு! ஆனால் ஒவ்வொரு தட்டலும் முதுகில் விழுவதுபோல இருந்தது அவளுக்கு. தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பெண் என்று நினைத்திருப்பார்கள்.

பக்கத்தில் நின்ற செந்தாமரை படப்பைக்காரி, வாயாடி. கையில் ஒரு டப்பா, அதன் அடியில் கொஞ்சம் அரிசி. அதைக் கொண்டுவர அவளுக்கு வெட்கமே இல்லை.

"இன்னாமா, ட்ரம்மு இப்டி ரொம்பிக்கீது! உங்க ரூமாண்ட பசின்னு யாருமே வர்லியா?"

"இது ஆண்டவருக்கு நேமிச்சதுக்கா."

"எங்க வூட்லயும் அவுருக்குத்தாம்மா எடுத்து வெக்கிறோம். பக்கத்து வூட்டு ஆளுக்கு வேல பூட்ச்சி, புள்ளைங்கள வெச்சிகினு குந்திகினு இருந்தான். அள்ளிக் குட்த்துட்டேன். அரிசியும் அவுர்து, அவனும் அவுர் ஆளு. நடுவுல எனக்கு இன்னா வந்திச்சி?"

சொல்லிவிட்டுச் செந்தாமரை பாட்டுப் பாடப் போய்விட்டாள். நான் உமக்குச் சொந்தம் என்று எத்தனை ஜெபக் கூட்டத்தில் சுகப்பிரியா கையைத் தூக்கியிருப்பாள்! அரிசி அவருக்குச் சொந்தம் என்பதும் தெரியும். மாடத்தியும் அவருக்குச் சொந்தம் என்பது மட்டும் அன்றைக்குத் தோன்றவே இல்லை. அவருடைய அரிசியைப் பூட்டி வைத்து, அவருடைய பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறாள். மைக்கில் அதையும் வாசித்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

பண்டிகைச் சாப்பாட்டுக்கு அவள் உட்காரவில்லை. சபைப் பொறுப்பாளரிடம் கேட்டு, ட்ரம்மிலிருந்து ஒரு பை நிறைய அரிசி அள்ளிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

விசாரித்து மெஸ்ஸைக் கண்டுபிடித்தபோது கூட்டம் ஓய்ந்து, மாடத்தி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடி வந்தாள். சுகப்பிரியா பையை நீட்டினாள்.

"ட்ரம்முல உள்ள அரிசிதான்ட்டி. அன்னைக்கே தந்துருக்கணும். உன்னையப் பட்டினி போட்டுட்டேன். பேரு வாசிக்கணும்னுதான் வச்சிருந்தேன். ஆண்டவருக்குன்னு சொன்னது பொய்."

மாடத்தி சட்டென்று கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேண்டாம்க்கா. சாமிக்குன்னு போட்டதத் திருப்பி எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

குத்திக்காட்டவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள். சுகப்பிரியா அன்று சொல்லிக்கொடுத்த பாடம் அத்தனை நன்றாகப் பதிந்திருந்தது. எவ்வளவு சொல்லியும் அவள் பையைத் தொடவில்லை.

"அத விடுங்க. மூஞ்சியே வாடிக் கெடக்கு, சாப்பிடலையா? உக்காருங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்த சோற்றைத் தட்டில் கொட்டிக் குழம்பு ஊற்றினாள். சுகப்பிரியா சோற்றில் கை வைக்கப் போனதும் தடுத்தாள்.

"ஜெபம் பண்ணலையாக்கா?"

சுகப்பிரியா கண்ணை மூடினாள். தினமும் மூன்று வேளை சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான். ஒன்றுகூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"என்னால முடியலட்டி. நீ பண்ணு."

"எனக்கு உங்க ஜெபம் தெரியாதேக்கா" என்று மாடத்தி தவித்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் போலவே கண்ணை இறுக மூடிக் கைகூப்பினாள்.

"சாமி, இவுக எங்க அக்கா. பசிச்சு வந்திருக்காக. வயிறு நெறையச் சாப்பிடணும்."

சொல்லிவிட்டு, சரிதானா என்று ஒற்றைக்கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆமென் என்பதற்குப் பதிலாகச் சுகப்பிரியா முதல் பிடிச் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள்.