முனிராஜ் சாப்பிட்ட காளைச் சத்து

விளம்பரம் ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்திருந்தது. இடது பக்கம் நெஞ்சு குழிந்த ஓர் ஆள். வலது பக்கம் அதே ஆள், மீசை முளைத்து, சைக்கிள் மீது. நடுவில் ஒரு காளை. முதல் ஆள் எப்படி இரண்டாவது ஆள் ஆனான் என்பதற்கு அந்தக் காளைதான் சாட்சி.

'பம்பாய் விருஷப சஞ்சீவி மாத்திரை. இளங்காளைகளின் சுரப்பிகளிலிருந்து மேனாட்டு முறையில் எடுத்த சத்து. களைப்பு அறியாத தேகம். நேற்று ஓடிய வலி இன்று இராது.'

முனிராஜ் இதை நான்கு தடவை நின்றுகொண்டே படித்தான். உட்கார்ந்து படிக்கும் நிலையில் அவன் இல்லை. காரிமங்கலம் தபால் ஆபீசில், சுற்றுக் கிராமங்களுக்குக் கடிதம் கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, சொந்த சைக்கிள் வேண்டும். முனிராஜிடம் எட்டாம் வகுப்பு இருந்தது, நல்ல கையெழுத்து இருந்தது, சைக்கிள் மட்டும் இல்லை. இருந்தும் மனுவைப் போட்டு வைத்தான். அந்தச் சமயத்தில்தான் வெள்ளைக்காரச் சக்கரவர்த்தியின் வெள்ளி விழா வந்தது. மே மாதம் ஆறாம் தேதி, தர்மபுரியிலிருந்து காரிமங்கலம் வரை பதினைந்து மைல் சைக்கிள் பந்தயம். வாடகை சைக்கிளிலும் ஓட்டலாம். முதல் பரிசு ஒரு புது சைக்கிள். சக்கரவர்த்தி இருபத்தைந்து வருஷம் ஆண்டதற்கும் முனிராஜ் தபால்காரன் ஆவதற்கும் இப்படி ஒரு சம்பந்தம் ஏற்பட்டது.

ஜெயிக்காவிட்டால் அக்கா புருஷன் நஞ்சப்பனின் கம்பைநல்லூர்க் காட்டில் ஏர் ஓட்ட வேண்டும். மாடு நடக்கிற வேகத்தில், மாட்டுக்குப் பின்னால், ஆயுள் முழுக்க. அந்த வேகத்தை நினைத்தாலே அவனுக்குக் கால் நமநமவென்றது.

பார்சல் வந்த அன்று அக்கா செல்லி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாடா இது, டப்பா மேல மாடு?"

"சத்து மாத்திரைக்கா. பம்பாய்லருந்து வருது."

"மாட்டுக்கா?"

"எனக்கு."

"உனக்குன்னா மாடு எதுக்குடா?"

நஞ்சப்பன் டப்பாவை வாங்கினார். அவர் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசிப் பழகியதால், வாயைத் திறப்பதை வீண் செலவாக நினைப்பவர். படத்திலிருந்த மாட்டைப் பல் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தார்.

"காளைதான். இதுல எந்த எடத்துச் சத்து?"

"சுரப்பிங்க மாமா."

"அது எங்க இருக்குது?"

முனிராஜ் பார்வையைத் தாழ்த்தினான். போதவில்லை என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். நஞ்சப்பனுக்குப் புரிந்தது. செல்லிக்கும் புரிந்துவிட்டது. "அடி மாரியாத்தா!" என்று உள்ளே ஓடியவள், ஒரு நசுங்கிய அலுமினியத் தம்ளரோடு வந்தாள்.

"இனிமே உனக்கு இதுதான். அடுப்பங்கரைப் பக்கம் வந்தீன்னா கால ஒடிச்சிருவேன்."

"அந்தக் காலுக்குத்தான்க்கா மாத்திரையே."

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, ஒரு சந்தேகம். முப்பது வருசமா மாடு விக்கறேன். வண்டி இழுக்கறது எது?"

"எருதுங்க."

"காயடிச்சதா, அடிக்காததா?"

முனிராஜ் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அடிக்காததப் பூட்டிப் பாரு. நாலு பாய்ச்சல் பாயும். அப்பறம் எதுக்க வர்ற வண்டி மாட்டோட சண்டைக்கி நிக்கும். பதினஞ்சு மைலு போயி சேர்றது அடிச்சதுதான். எது இருந்தா வண்டி போயி சேராதோ, அதையே நீ வாங்கித் திங்கற."

"மேனாட்டு டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணிருக்காங்க மாமா."

"மேனாட்டுல மாடு வண்டி இழுக்கறதில்ல போல" என்று சொல்லி, அன்றைய பேச்சை நஞ்சப்பன் முடித்துக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது என்பதில் முனிராஜுக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் தூக்கம் போயிற்று. ஐந்தாம் நாள், வேலை பார்த்த கடலைக்காய் மண்டியில் தராசு தாமதமாக ஆடியதற்காகத் தராசைத் திட்டினான். எட்டாம் நாள் மீசை அடர்ந்திருப்பதாக அவனுக்குப் பட்டது. வேறு யாருக்கும் படவில்லை. சாப்பிடும்போது முழங்கால் தானாக ஆடி, ஒரு தடவை சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது. முழங்காலிலேயே இவ்வளவு சக்தி என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா என்று அவன் சந்தோஷப்பட்டான்.

வாடகை சைக்கிளில் தினமும் தர்மபுரி போய்த் திரும்பினான். டப்பாவோடு வந்த துண்டுக் காகிதத்தில், 'ஒரு நாள் ஓட்டம், மறு நாள் ஓய்வு' என்று தெளிவாகப் போட்டிருந்தது. முனிராஜ் அதை யோசித்துப் பார்த்தான். ஓய்வு களைப்பு உள்ளவனுக்கு. களைப்பையே போக்குகிற மாத்திரையைத் தின்றுவிட்டு ஓய்வும் எடுத்தால், மாத்திரையை அவமதித்தது போல ஆகாதா? அந்த வரியை அச்சுப் பிழையாக ஒதுக்கினான். கடைசி வாரம் ஒன்றுக்கு மூன்றாக விழுங்கினான்.

பந்தயத்தன்று மற்றவர்கள் சைக்கிளை முதல் பஸ்ஸின் கூரையில் கட்டிவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டு தர்மபுரி போனார்கள். பஸ் வரும்வரை நிற்க முடியாமல் முனிராஜ் ஓட்டிக்கொண்டே போனான். போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி. கொடி அசைக்க வேண்டிய அதிகாரி ஒன்பது மணிக்குத்தான் வருவார் என்றார்கள். வழியில் பஸ்ஸில் அவனைக் கடந்து வந்திருந்த கிருஷ்ணப்பன் புளியமரத்தடியில் ராகிக் களி உருண்டையைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான். கேரியரில் உப்பு மூட்டை கட்டி ஊர் ஊராக விற்கிறவன். அன்று மூட்டை இல்லாததால் சைக்கிள் கொஞ்சம் அநாதையாகத் தெரிந்தது.

"உக்காருங்கண்ணா. அய்யா வர நேரமாவும்."

"உக்கார முடியல."

"எறும்பா?"

முனிராஜ் முறைத்துவிட்டு, கால் ஆறிப்போகக் கூடாது என்று பென்னாகரம் ரோட்டில் நாலு மைல் போய்த் திரும்பினான். அதிகாரி வரவில்லை. இன்னொரு தடவை போனான். திரும்பி வந்தபோது கிருஷ்ணப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆக, பதினைந்து மைல் பந்தயம் தொடங்குமுன் முனிராஜ் முப்பத்தொரு மைல் முடித்திருந்தான்.

கொடி இறங்கியதும் பாய்ந்தான். முதல் ஆறு மைலுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. ரோட்டோரத்துச் சனம் கை தட்டியது. புது சைக்கிளின் மணியோசை காதில் கேட்டது. தபால் பையின் கனம்கூடத் தோளில் தெரிந்தது. பெடலை மிதிக்க மிதிக்க உடம்பு இன்னும் வேகம் கேட்டது.

ஒன்பதாவது மைலில் தொடை இரண்டும் வேறு யாருடையவோ ஆயின. வெயில் தலைக்கு ஏறியிருந்தது. மிதித்தால் சக்கரம் சுற்றியது. ஆனால் மைல்கல் வந்தபாடில்லை. பின்னால் ஒரு செயின் சத்தம், அவசரமே இல்லாமல், நெருங்கி வந்தது.

"வழி வுடுங்கண்ணா."

"ஏன், ரோடு உங்கப்பன் போட்டதா?" என்று முனிராஜ் ஹேண்டில்பாரை அவன் பக்கம் திருப்பினான்.

"சர்க்கார் போட்டதுங்க. அதான் அகலமா இருக்குது" என்று கிருஷ்ணப்பன் மறுபக்கம் ஒதுங்கிக் கடந்தான். திருப்பின ஹேண்டில்பார் திருப்பினபடியே முனிராஜைக் கள்ளி வேலிக்குள் கொண்டுபோய் விட்டது. முள்ளைப் பிடுங்கி, சக்கரத்தை நிமிர்த்தி, காரிமங்கலம் வந்து சேர்ந்தபோது ஒன்பது பேரில் அவன் எட்டாவது. ஒன்பதாவது ஆள் பஞ்சராகிச் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான்.

நஞ்சப்பன் கூட்டத்தில் இருந்தார். சந்தை மாட்டைப் பார்க்கிற மாதிரி முனிராஜின் காலை ஒரு தடவை பார்த்தார். அதுதான் முனிராஜுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை கால் இரண்டையும் கையால் எடுத்துத் தரையில் வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. நொண்டி நொண்டித் தபால் ஆபீசுக்குப் போனான்.

"மனுவத் திருப்பிக் குடுத்துருங்க சார். சைக்கிள் கெடைக்கல."

"தெரியும்" என்றார் போஸ்ட் மாஸ்டர். "நேத்து சாயங்காலமே கிருஷ்ணப்பன் புது சைக்கிளோட வந்து மனு போட்டுட்டான். மணி அடிச்சுக் காட்டினான்."

முனிராஜ் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான்.

"உக்காருய்யா. கண்ணு சுத்துது."

"முடியலைங்க. உக்காந்தா கம்பைநல்லூர் ஞாபகம் வருது."

போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி அவன் நடையைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "வத்தல்மலை லைன் ஒண்ணு காலியா கெடக்குது. தர்மபுரி ஆபீசுக்குச் சேந்தது. மலையில சைக்கிள் ஏறாது, அதனால சைக்கிள் கேக்க மாட்டாங்க. மூணு மாசமா ஒருத்தனும் மனு போடல."

"கடுதாசி நெறைய வருங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு வந்தா அதிகம். வரலைன்னாலும் ஏறணும். மேல ஒரு பொட்டி இருக்குது, தெறந்து பாத்து, ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கிட்டு எறங்கணும்."

"பழைய ஆளு என்ன ஆனாருங்க?"

"முட்டி போச்சு. கடைசி வரைக்கும் வலிக்கலைன்னே சொன்னான். உனக்கு முட்டி எப்பிடி?"

"வலிக்குதுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தாங்க."

"சரி, உண்மையச் சொல்றே" என்று போஸ்ட் மாஸ்டர் ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தினார்.

முனிராஜ் சுவரில் தாளை வைத்து நின்றபடியே எழுதினான். கடைசிக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, மலைக்குப் பாதை எந்தப் பக்கம் பிரிகிறது என்று கேட்டான். போஸ்ட் மாஸ்டர் சொல்லத் தொடங்கினார். அவர் முதல் ஓடையைத் தாண்டுவதற்குள் முனிராஜ் நொண்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தான்.