அத்தான் கொடுத்த லேப்டாப்

ஜெரால்டினுக்குப் பயம் கூடப் பிறந்தது. காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தபின் பூட்டினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு லேப்டாப் வாங்கு என்றால் என்ன ஆகும்? இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினாள்.

வெப்சைட் கட்டும் வேலை அவளுக்கு. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் திங்கட்கிழமை சேர வேண்டும். லேப்டாப்பை மட்டும் சொந்தமாகக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். பழைய மெஷினில் கோட் எழுதுவதையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் அதற்கு மூச்சு வாங்கும். புதியதாகப் பார்த்தவற்றில் ஒன்றுக்கு மெமரி போதாது, இன்னொன்றின் திரை கண்ணை எரித்தது, அடுத்ததன் கீபோர்டு கல். எதை எடுத்தாலும் தப்பாகிவிடுமோ என்ற பயத்திலேயே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் லியோனார்ட் வந்தார், அக்கா ஐலீனின் புருஷன். அதே கம்பெனியில் ஆறு வருடம் இருந்து, போன மாதம் ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். வந்தும் மனசு கெட்டுப்போகாமல், அவளுக்காக அங்கே பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் இருந்த அவள் வீட்டு மேசைமேல் தன் லேப்டாப்பை வைத்தார்.

"பதினாறு ஜிபி. நாலு வருஷம் என் கையில நல்லா ஓடுச்சுலா. ஆனா ஒண்ணு ஜெரி, இப்போதைக்கு எதையும் அழிச்சிடாதே. அப்படியே யூஸ் பண்ணு."

"ஏன் அத்தான்?"

"அப்புறம் சொல்றேன்," என்றார். அதற்குள் அவருடைய போன் அடித்தது, பேசிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

அழிக்காதே என்றால் அவள் கேட்பாளா? அடுத்தவர் பல் துலக்கிய பிரஷ்ஷால் யாராவது துலக்குவார்களா? சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் துடைத்து, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினாள். மெஷின் மீண்டும் எழுந்து ஆபீஸ் மெயில் முகவரி கேட்டது. புதிதாகக் கிடைத்த முகவரியைப் பெருமையோடு தட்டினாள்.

'இந்தக் கணினி நிறுவனத்தின் உடைமை. நிர்வாகியின் அனுமதி தேவை.' அதன் கீழே அவள் திங்கட்கிழமை சேரப்போகும் கம்பெனியின் பெயர்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். வேலை போன கோபத்தில் அத்தான் மெஷினைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்து வந்துவிட்டாரா? அதனால்தான் அழிக்காதே என்றாரா? இப்போது அவள் பெயரே அங்கே போய் நின்றிருக்கும். சிங்கப்பூர் போகும் செகண்ட் லிங்க் பாலத்து இமிகிரேஷனில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது ஓரமாக நிற்கச் சொல்வார்களோ? மூடியைப் படாரென்று சாத்தி, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள். துண்டில் சுற்றினால் சிங்கப்பூருக்குத் தெரியாது பாருங்கள்!

போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"ஜெரால்டினா? நான் யுகேந்திரன், ஆபீஸ்ல கம்ப்யூட்டர்லாம் பாத்துக்கிறவன். உங்க மெயில்ல இப்பத்தான் ஒரு பழைய மெஷின் உள்ள வந்துச்சு. யாரு கொடுத்தாங்க?"

பெயரைச் சொன்னால் அத்தான் மாட்டுவார். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

"தம்போய்ல ஒரு செகண்ட்ஹேண்ட் கடையில வாங்குனேன். யாருதுன்னு தெரியாது."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"லியோனார்ட் அண்ணன் வேற மாதிரில்ல எழுதியிருக்காரு? போகும்போது மெஷினை அவரையே வச்சுக்கச் சொல்லிட்டோம். லிஸ்ட்ல இருந்து எடுக்க நாங்கதான் மறந்துட்டோம். மச்சினிச்சிக்குக் கொடுத்திருக்கேன், ரிலீஸ் பண்ணுங்கன்னு நேத்து மெயில் போட்டாரு. நீங்க கடையிலங்கறீங்க. அப்ப பொய் சொல்றது அவரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் தப்பித்தாள்.

"அவரு இல்ல. நான்தான். பயந்துட்டேன், சாரி."

"வேலையில சேர்றதுக்கு முன்னாடியே இப்படியாங்க?" யுகேந்திரன் பெருமூச்சு விட்டார். "சரி, மேல சொல்லல. இன்னொரு வாட்டி வேணாம். பத்து நிமிஷத்துல திறந்துக்கும். திங்கட்கிழமை வாங்க."

அவள் போனை வைத்ததும் வாசல் கிரில்லைத் தள்ளிக்கொண்டு லியோனார்ட் உள்ளே வந்தார்.

"அலமாக், சார்ஜர மறந்துட்டேன் பாரு. ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்களா? இன்னும் ரிலீஸ் ஆகல, அதான் அழிக்காதேன்னேன். எங்க மெஷின்?"

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, துணிகளை விலக்கி, துண்டுப் பொட்டலத்தை எடுத்தாள். அவர் அதைப் பார்த்தார். பயந்து வெளிறிய அவள் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்துச் சிரிப்பு மெல்ல இறங்கிப்போனது.

"நான் திருடிட்டு வந்தேன்னு நெனச்சியா ஜெரி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு பொய் வரவில்லை.

"உக்காருங்க அத்தான், காப்பித் தண்ணி கலக்குறேன்."

"வேணாம்மா." சார்ஜரை மேசைமேல் வைத்து, வயரை ஒழுங்காகச் சுற்றிவிட்டு வெளியே போனார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வேலையும் போகவில்லை, லேப்டாப்பும் கிடைத்துவிட்டது. நாளை சர்ச்சில் பூசை முடிந்ததும் வழக்கம்போல அக்கா வீட்டில் சாப்பாடு. அந்த மேசையில் அத்தானுக்கு எதிரே உட்கார வேண்டும்.